ஹாலோவீன் மாலையில் குழந்தையின் கையில் எந்தப் பை? வீட்டில் செய்யும் ஆறும் கடையில் வாங்கும் ஒன்றும்

அக்டோபர் இரண்டாம் வாரம் வந்துவிட்டால் எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஒரே பேச்சுத்தான். நான் இருப்பது அமெரிக்காவின் நியூஜெர்சியில், எடிசனில். இங்கே அக்டோபர் 31, ஹாலோவீன் மாலையில், பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள். அதற்குப் பெயர்தான் ட்ரிக் ஆர் ட்ரீட். "அக்கா, பிள்ளை இந்த ஆண்டுதான் முதன்முறையாக ட்ரிக் ஆர் ட்ரீட் போகப்போகிறான். வேடம் வாங்கியாகிவிட்டது. பைக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. தலையணை உறை ஒன்றைக் கொடுத்துவிடட்டுமா, ஏதாவது தைக்கட்டுமா?" என்று கேட்பார்கள். தைக்கத் தெரியாதவர்களின் குரலில் கொஞ்சம் குற்ற உணர்ச்சியும் கலந்திருக்கும். அதற்குத் தேவையே இல்லை. கீழே சொல்லப்போகும் ஆறு பைகளில் நான்குக்கு ஊசியே வேண்டாம்.

என் மகளுக்கு மூன்று வயதானபோது முதல் பையைக் காகிதத்தில் செய்தேன். அவளே அதில் ஒரு கறுப்புப் பூனை வரைந்தாள். அக்டோபர் 31 மாலை ஆறரை மணிக்குத் தூறல் தொடங்கியது. ஒன்பதாவது வீட்டு வாசற்படியில் பையின் அடி பிரிந்து, மிட்டாய்கள் ஈர இலைகளுக்கு நடுவே உருண்டன. அவற்றைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டோம். பூனை கரைந்துபோனதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வீடு வரும்வரை அழுதாள். அதன்பிறகு அவளுக்கும் அவள் தம்பிக்குமாக இந்தப் பைகள் எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேன். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

## பைக்கு முன் குழந்தையை அளந்துகொள்ளுங்கள்

முதலில் உயரம். அன்று போடப்போகும் ஷூவை மாட்டி, குழந்தையை நேராக நிற்கவைத்து, கையைத் தொங்கவிட்டு முஷ்டி மடக்கச் சொல்லுங்கள். முஷ்டிக்கும் தரைக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளந்து பாருங்கள். மூன்று வயதில் என் மகள் 94 செ.மீ. உயரம் இருந்தாள். அவள் முஷ்டி தரையிலிருந்து 39 செ.மீ. உயரத்தில் இருந்தது. கைப்பிடியின் உச்சியிலிருந்து பையின் அடிவரை அந்த 39 செ.மீ.யைத் தாண்டினால் பை தரையில் இழுபடும் என்று பொருள். புல், உதிர்ந்த இலை, நடைபாதை மேடு ஆகியவற்றுக்கு இடம் விட்டால் 32 செ.மீ.தான் எல்லை. 25 செ.மீ. என்றால் இன்னும் நல்லது. ஏனென்றால் இங்கே பெரும்பாலான வீடுகளுக்கு வாசலில் மூன்று நான்கு படிகள் உண்டு. ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 18 செ.மீ. இருக்கும். ஏறும்போது பை அடுத்த படியில் இடிக்கும். குழந்தை முழங்கையை மடக்கித் தூக்கியாக வேண்டும்.

அப்படித் தூக்க வேண்டுமென்றால் பை கனமாக இருக்கக் கூடாது. இங்கே 'ஃபன் சைஸ்' என்று சொல்லும் சின்னச் சாக்லேட் ஒன்று 15 முதல் 20 கிராம் இருக்கும். மூன்று வயதுக் குழந்தை பதினைந்து, இருபது வீடுகளில் களைத்துவிடும். வீட்டுக்கு ஒன்றிரண்டு என்று வைத்துக்கொண்டாலும் முப்பது மிட்டாய், அரைக் கிலோ. இரண்டு லிட்டர் கொள்ளளவு தாராளம். "நிறையக் கொள்ளட்டுமே" என்று பெரிதாகச் செய்த பைகளைத்தான் ஒவ்வோர் ஆண்டும் தெருவில் பெற்றோர் கையில் பார்க்கிறேன்.

மூன்றாவது அளவுகோலைப் பலர் கவனிப்பதில்லை. சின்னக் குழந்தைக்கு அன்று ஒரு கைதான் உண்டு. இன்னொரு கை அம்மாவின் பிடியிலோ அப்பாவின் பிடியிலோ இருக்கும், இருந்தாக வேண்டும். எனவே பையின் வாய் தானாகத் திறந்து நிற்க வேண்டும். கதவு திறந்தவர் மிட்டாயைப் போடக் குனிந்து நிற்கும்போது, குழந்தை இரண்டு கையாலும் பையை விரித்துக்கொண்டிருந்தால் படியில் நிலை தடுமாறும்.

இருட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அக்டோபர் கடைசியில் எங்கள் பகுதியில் ஆறு மணியை ஒட்டிச் சூரியன் மறைந்துவிடுகிறது. 1975 முதல் 2016 வரையிலான அமெரிக்கச் சாலை விபத்துப் பதிவுகளை ஆராய்ந்து, 'ஜாமா பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. ஹாலோவீன் மாலையில் பாதசாரிகள் வாகனம் மோதி இறக்கும் அபாயம் மற்ற மாலைகளைவிட 43 சதவீதம் அதிகம் என்றும், 4 முதல் 8 வயதுக் குழந்தைகளுக்கு அது ஏறக்குறைய பத்து மடங்கு என்றும் அதில் கண்டறிந்தார்கள். கறுப்பு வேடம், கறுப்புப் பை என்று குழந்தையை இருட்டோடு கரைத்துவிடக் கூடாது. வெளிர் நிறத் துணியில், விளக்கொளி பட்டால் மின்னும் பட்டை ஒன்றைப் பையின் இரு பக்கமும் ஒட்டும் வசதி இருக்க வேண்டும்.

மழை, குளிர், உங்களிடம் இருக்கும் நேரம், நவம்பர் 1-ஆம் தேதி அந்தப் பை எங்கே போகும் என்ற கேள்வி ஆகியவை மீதி அளவுகோல்கள். அழகை நான் பட்டியலில் சேர்க்கவில்லை. எந்தப் பையையும் குழந்தையோடு உட்கார்ந்து அழகாக்கிவிடலாம்.

## காகிதப் பை

கால் மணி நேரம் போதும். முன்பெல்லாம் மளிகைக் கடையிலிருந்து பொருளோடு வந்த பழுப்புப் பையை எடுத்து வண்ணம் தீட்டினால் வேலை முடிந்தது. நியூஜெர்சியில் 2022 மே 4 முதல் கடைகள் பிளாஸ்டிக் பை தருவதற்குத் தடை வந்தது. பெரிய மளிகைக் கடைகளில் காகிதப் பையும் நின்றுபோயிற்று. இப்போது கைவினைக் கடையில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். செலவே இல்லாத பை என்ற பெருமை அதற்கு இங்கே போய்விட்டது.

பெரிய பழுப்புப் பை கிடைத்தால், அதன் உயரம் 43 செ.மீ. மேல் விளிம்பை இரண்டு முறை உள்பக்கமாக மடித்து 25 செ.மீ.க்குக் கொண்டுவாருங்கள். மடிப்பு தடித்து நிற்பதால் வாயும் விறைப்பாகத் திறந்திருக்கும். வாய் விஷயத்தில் காகிதம் துணியை வென்றுவிடுகிறது. பையோடு ஒட்டி வரும் முறுக்குக் காகிதக் கைப்பிடியை நம்ப வேண்டாம். மடிப்பில் துளையிட்டு அகலமான நாடாவைக் கோத்து, உள்ளே முடிச்சிடுங்கள். அடியில் அட்டை ஒன்றை வைத்து, வெளியே பார்சல் ஒட்டும் அகல டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுங்கள். வரைவதற்கு மெழுகு கிரேயான் கொடுங்கள். ஸ்கெட்ச் பேனா வேண்டாம். மெழுகில் தண்ணீர் ஒட்டாது. என் மகளின் பூனை ஸ்கெட்ச் பேனாவில் வரையப்பட்டது.

இத்தனை செய்தாலும் மழையில் காகிதம் காகிதம்தான். குழந்தைகள் காப்பகத்தில் அறைக்குள் நடக்கும் அணிவகுப்புக்கும், வாகன நிறுத்துமிடத்தில் கார் டிக்கிகளைத் திறந்துவைத்து மிட்டாய் கொடுக்கும் நிகழ்ச்சிக்கும் இது பொருத்தம். இரண்டு வயதுக் குழந்தை பயமில்லாமல் கிறுக்கி விளையாடவும் இதைவிட நல்ல பை கிடையாது.

## தலையணை உறை

அமெரிக்கப் பெரிய பிள்ளைகளின் நெடுநாள் வழக்கம் இது. கிழியாது, கரையாது, துவைத்து மறுபடியும் தலையணைக்கே போட்டுவிடலாம். பத்து வயதுப் பையனுக்கு இதற்கு இணையான பை இல்லை.

ஆனால் சாதாரண உறை ஏறத்தாழ 51 செ.மீ. அகலம், 76 செ.மீ. நீளம். மூன்று வயதுக் குழந்தையின் முஷ்டி உயரத்தைப்போல் இரண்டு மடங்கு. கைப்பிடியும் கிடையாது. வாயைச் சுருட்டிப் பிடித்தால் மூடிக்கொள்ளும், விரித்துப் பிடித்தால் இரண்டு கையும் போய்விடும். வெட்டிச் சிறிதாக்கிக் கைப்பிடி வைத்துத் தைக்கலாமே என்பார்கள். அவ்வளவு வேலை செய்யத் தயாராக இருந்தால் கீழே உள்ள மற்ற வழிகள் மேல். எட்டு வயதுக்குமேல் பார்த்துக்கொள்ளலாம்.

## சிறிதாகிப்போன டி-ஷர்ட்

குழந்தைக்குச் சேராமல் போன சட்டைகளைத் தூக்கிப்போட மனமில்லாமல் அலமாரியில் வைத்திருப்பீர்கள் அல்லவா? அவற்றில் ஒன்றை எடுங்கள். இரண்டு கைகளையும் தோள் தையலுக்கு உட்புறமாக வெட்டுங்கள். கழுத்தையும் அரைவட்டமாக வெட்டுங்கள். தோள்பட்டை இரண்டும் கைப்பிடியாகிவிடும். சட்டையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, அடிவிளிம்பில் இரண்டு துணியையும் சேர்த்து 6 செ.மீ. நீளத்துக்கு, 2 செ.மீ. அகலப் பட்டைகளாக வெட்டிக்கொண்டே போங்கள். முன்பட்டையையும் பின்பட்டையையும் இரட்டை முடிச்சாகக் கட்டுங்கள். முடிந்ததும் மறுபடி திருப்பினால் முடிச்சுகள் உள்ளே போய்விடும். இருபது நிமிட வேலை. பின்னலாடைத் துணி என்பதால் வெட்டிய விளிம்பு பிரியாது, மடித்துத் தைக்க வேண்டியதில்லை.

இதில் இரண்டு தொல்லைகள். முடிச்சுக்கும் முடிச்சுக்கும் நடுவில் ஓட்டை விழும், சின்ன மிட்டாய் நழுவிப் போகும். அடுத்தடுத்த முடிச்சுகளின் வால்களையும் ஒன்றோடொன்று கட்டிவிட்டால் ஓட்டை அடைபடும். இரண்டாவது, இந்தத் துணி கனத்தில் நீளும். வீட்டில் 30 செ.மீ. காட்டிய பை, அரைக் கிலோ ஏறியதும் பல செ.மீ. இறங்கிவிடுகிறது. எனவே மூன்று வயதுக் குழந்தையின் பைக்கு மூன்று வயதுச் சட்டையை எடுக்காதீர்கள். ஒன்றரை வயதில் போட்ட சட்டை சரியாக இருக்கும்.

வாய் தொங்கிப்போவதும் உண்மை. போனால் போகட்டும் என்று விடலாம், ஏனென்றால் துணி இளகுவாக இருப்பதால் ஒரு கையால் தட்டினாலே விரியும். இந்தப் பையின் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. தான் முன்பு போட்ட சட்டை பையாக மாறுவதைக் குழந்தை கண்ணால் பார்க்கிறது. என் மகன் தன் யானைச் சட்டைப் பையை அடுத்த கோடைவரை நூலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனான். தையல் தெரியாதவர்களுக்கும், நாளை மாலைக்குள் வேண்டும் என்பவர்களுக்கும் இதையே முதலில் சொல்வேன்.

## ஃபெல்ட் துணிப் பை

படம் பார்த்து ஆசைப்பட்டு எல்லோரும் தொடங்குவது இதைத்தான்: ஆரஞ்சு நிறத்தில் பூசணி முகம், பேய் முகம், வௌவால். ஃபெல்ட் என்பது நெய்யாமல் இழைகளை அழுத்திச் செய்யும் துணி. கைவினைக் கடைகளில் அது 23-க்கு 30 செ.மீ. தாள்களாகக் கிடைக்கிறது. மூன்று தாள் போதும், செலவு சில டாலர்தான்.

தாளை நிமிர்த்தி வைத்து 30 செ.மீ. உயரப் பையாகச் செய்பவர்கள் அதிகம். கைப்பிடி சேர்ந்ததும் 40 செ.மீ. ஆகிவிடும். தாளைப் படுக்கவையுங்கள். அகலம் 30, உயரம் 23. மூன்றாவது தாளிலிருந்து 30 செ.மீ. நீளமும் 3 செ.மீ. அகலமுமாக நான்கு பட்டைகள் வெட்டி, இரண்டிரண்டாகச் சேர்த்தால் இரண்டு கைப்பிடிகள். நுனிகளை 4 செ.மீ. உள்ளே விட்டுத் தைத்தால் மொத்தம் 31 செ.மீ.க்குள் அடங்கும். இந்தக் கடை ஃபெல்ட் இழுத்தால் நீளும். அதனால் இரண்டு பட்டைகளுக்கும் நடுவே பருத்தி நாடா ஒன்றை வைத்துத் தையுங்கள்.

ஒட்டுவதா தைப்பதா என்பதுதான் இதில் பெரிய கேள்வி. பசையை உருக்கி ஒட்டும் குளூ கன் வைத்திருப்பவர்கள் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். ஆனால் அந்தப் பசை 190 டிகிரி செல்சியஸ்வரை சூடாக வெளிவரும் ரகமும் உண்டு. ஃபெல்ட் மெல்லியது, அழுத்தும் விரலுக்கு ஊடுருவி வரும். குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யும் வேலை அல்ல அது. குளிரில் அந்தப் பசை விறைத்து, கனம் இழுக்கும் இடத்தில் படக்கென்று விட்டுவிடும். முகத்தின் கண், மூக்கை ஒட்டுங்கள். பக்கங்களையும் கைப்பிடியையும் தையுங்கள். கெட்டித் தையல், அதாவது ஒவ்வொரு முறையும் ஊசியை ஓரடி பின்னால் வாங்கிப் போடும் தையல், போட்டால் பிரியாது. ஃபெல்ட்டுக்கு இழை பிரியும் விளிம்பு கிடையாது என்பதால் வெளிப்பக்கமாகவே, கண்ணுக்குத் தெரியும்படி, கறுப்பு நூலில் தைக்கலாம். கோணலாக வந்தாலும் அழகுதான்.

அலங்காரத்தில் ஓர் எச்சரிக்கை. உருளும் கண்கள், பொத்தான்கள், மணிகள் ஆகியவற்றை மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் பையில் வைக்காதீர்கள். அந்த வயதுக்கான பொம்மைகளைச் சோதிக்க அமெரிக்க விதிமுறை ஓர் உருளையைப் பயன்படுத்துகிறது. அதன் விட்டம் 3.17 செ.மீ. அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையில் சிக்கலாம் என்பது கணக்கு. பைக்குள் மின்மினி விளக்கு வைக்க ஆசைப்படுபவர்களும் அதில் பட்டன் பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். அதை விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாய் புண்ணாகிவிடும். மின்னும் பட்டையும் உங்கள் கையில் ஒரு டார்ச்சும் போதும்.

மறைந்திருக்கும் செலவு நேரம். குழந்தையோடு சேர்ந்து, கையால் தைத்தால் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. துவைத்தால் சுருங்கி ரோமம் எழும்பும். மழையில் தண்ணீரை உறிஞ்சிக் கனக்கும். இத்தனைக்குப் பிறகும் ஒரு சனிக்கிழமை மதியம் உங்களிடம் இருந்தால் இதைச் செய்யுங்கள் என்றே சொல்வேன். நான்கு வயதுக் குழந்தை மழுங்கிய பெரிய ஊசியைப் பிடித்து முதல் தையல் போடும்போது அதன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

## தாம்பூலப் பை

2024-இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன. அக்டோபர் 31, வியாழக்கிழமை. விடியற்காலை எண்ணெய்க் குளியல், புதுத்துணி, லேகியம், பிறகு அலுவலகம், பள்ளி, மாலையில் புலி வேடம். பை செய்ய நேரமே இல்லை. மாலை நான்கரை மணிக்கு, பெட்டியில் அடுக்கியிருந்த தாம்பூலப் பைகள் நினைவுக்கு வந்தன. தங்கை கல்யாணத்தில் தேங்காயும் வெற்றிலை பாக்கும் போட்டுக் கொடுத்த மஞ்சள் பைகள். வெளிநாட்டுக்கு வந்த தமிழ் வீடுகள் பலவற்றில் இப்படி ஒரு கட்டு இருக்கும். ஊறுகாய்ப் பாட்டிலைச் சுற்றி வந்ததோ, மசாலாப்பொடி மூட்டையைக் கட்டி வந்ததோ, எப்படியோ வந்து சேர்ந்திருக்கும்.

ஒன்றை எடுத்து மகனிடம் கொடுத்தேன். அவனுக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. பை 25 செ.மீ. உயரம், கைப்பிடிக்கு இன்னும் 7 செ.மீ. மொத்தம் சரியாக 32. ஒரு தேங்காயைத் தாங்கும் பைக்கு அரைக் கிலோ மிட்டாய் எம்மாத்திரம்! மஞ்சள் நிறம் தெரு விளக்கில் தூரத்திலிருந்தே தெரிந்தது.

தமிழ்நாட்டு அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது 2021 டிசம்பரில். அடுத்த ஐந்து மாதத்துக்குள் நியூஜெர்சியில் பைத் தடை வந்தது. அந்த மஞ்சள் பை எடிசன் தெருவில் குழந்தையின் கையில் ஆடிக்கொண்டு போனபோது எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். கைப்பிடியை ஒற்றை ஓட்டத் தையலில் போட்டிருப்பார்கள். நான்கு மூலைகளிலும் ஒரு சின்னச் சதுரமாகக் கெட்டித் தையல் போட்டுப் பலப்படுத்துங்கள். சில பைகளில் சாயம் போகும். முன்கூட்டியே ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். மஞ்சள் இறங்கினால் உப்புத் தண்ணீரை நம்பாமல் வேறு பையைத் தேடுங்கள். நனைந்த பை வெள்ளைப் பேய் வேடத்தை ஒரே உரசலில் கெடுத்துவிடும். வாய் தட்டையாக ஒட்டிக்கொள்ளும் என்பது பெரிய குறை. அதற்கு வழி உண்டு: பழைய பிளாஸ்டிக் ஃபைல் அட்டையிலிருந்து 2 செ.மீ. அகலத்தில், பையின் சுற்றளவுக்குச் சமமாக ஒரு பட்டை வெட்டுங்கள். பையின் வாய்மடிப்பில் சின்னதாகப் பிரித்து உள்ளே செருகி, பிரித்த இடத்தைத் தைத்துவிடுங்கள். வாய் நீள்வட்டமாகத் திறந்தபடி நிற்கும். பட்டையின் நுனிகளை உருண்டையாக வெட்ட மறக்காதீர்கள்.

பிறகு அந்தப் பெயர்கள். மணமக்கள் பெயரும் தேதியும் அச்சிட்ட பையை வேற்று வேலைக்கு எடுக்கத் தயக்கமாக இருந்தது. தங்கையைத் தொலைபேசியில் கேட்டேன். "என்ன அக்கா இது, பிள்ளை கையில்தானே இருக்கப்போகிறது" என்றாள். உங்களுக்கு மனம் ஒப்பவில்லையென்றால் அச்சின்மேல் ஃபெல்ட் பூசணி ஒன்றைத் தைத்து மூடிவிடலாம். அடுத்த நாள் தையலைப் பிரித்தால் பெயர்கள் பத்திரமாக இருக்கும். பெயரில்லாத வெறும் துணிப்பை இருந்தாலும் இதே வேலைதான்.

இந்தக் கட்டு வீட்டில் இல்லாதவர்கள் மளிகைக் கடையில் விற்கும், துணிபோலத் தோன்றும் பிளாஸ்டிக் இழைப் பையை எடுக்கிறார்கள். தடைக்குப் பிறகு எல்லா வீட்டிலும் அது குவிந்து கிடக்கிறது. அது பெரியவர்களின் கைக்கு ஏற்ற அளவு. கைப்பிடியில் முடிச்சிட்டுக் குறைத்தாலும் குழந்தைக்குப் பெரிதுதான்.

## பால் ஜாடியும் கடைப் பூசணி வாளியும்

இங்கே பால் ஒரு கேலன், அதாவது 3.78 லிட்டர், பிளாஸ்டிக் ஜாடியில் வருகிறது. கைப்பிடியை விட்டுவிட்டு மேல்பகுதியை வெட்டினால் வாளி தயார். வெட்டிய விளிம்பு கையைக் கீறும், துணி டேப்பால் முழுவதும் மூடுங்கள். உட்புறம் நன்றாகக் கழுவி ஒருநாள் காயவிடாவிட்டால் புளித்த பால் வாடை மிட்டாய் உறையில் ஏறிவிடும். மழைக்கு அசையாது, வாய் எப்போதும் திறந்திருக்கும். ஆனால் கைப்பிடி ஒரு பக்கமாக இருப்பதால் நிறைந்ததும் சாயும், குழந்தையின் மணிக்கட்டு களைத்துவிடும். எதிர்ப்பக்கம் துளையிட்டு நாடாவால் வளைவுக் கைப்பிடி போட்டால் சரியாகும்.

கடையில் விற்கும் ஆரஞ்சு நிறப் பூசணி வாளி இந்தக் குறைகளெல்லாம் நீங்கிய வடிவம். சில டாலர்தான். வாங்குவதில் எந்தத் தவறும் இல்லை. கைக்குழந்தையோடு இன்னொரு குழந்தையையும் பார்த்துக்கொள்ளும் தாய்க்கு இதையே சொல்வேன். நடக்கும்போது முட்டியில் இடிக்கும், அடுக்கிவைக்க இடம் பிடிக்கும், உடைந்தால் குப்பைக்குத்தான் போகும். எல்லாக் குழந்தையிடமும் அதே வாளி இருப்பதால் கூட்டத்தில் மாறிப்போகும், பெயர் எழுதிவையுங்கள்.

## ஒரே பார்வையில்

| பை | ஊசி | நேரம் | கைப்பிடியோடு நீளம் | வாய் திறந்து நிற்குமா | மழை | ஏற்ற வயது |
|---|---|---|---|---|---|---|
| காகிதம் (மடித்தது) | வேண்டாம் | 15 நிமிடம் | 30 செ.மீ.க்குள் | நிற்கும் | தாங்காது | 2 முதல் 4, கூரைக்குள் |
| தலையணை உறை | வேண்டாம் | இல்லை | 76 செ.மீ. | நிற்காது | தாங்கும் | 8-க்கு மேல் |
| டி-ஷர்ட் | வேண்டாம் | 20 நிமிடம் | 30 செ.மீ., நீளும் | தொங்கும் | நனையும், கிழியாது | 3 முதல் 6 |
| ஃபெல்ட் | வேண்டும் | 2 மணி நேரம் | 31 செ.மீ. | ஓரளவு | உறிஞ்சிக் கனக்கும் | 4 முதல் 7 |
| தாம்பூலப் பை | கொஞ்சம் | 40 நிமிடம் | 32 செ.மீ. | பட்டை செருகினால் நிற்கும் | சாயம் பார்க்கவும் | 3 முதல் 6 |
| பால் ஜாடி | வேண்டாம் | 30 நிமிடம், ஒருநாள் காய | 30 செ.மீ. அளவு | நிற்கும் | முழுதும் தாங்கும் | 3 முதல் 5 |
| கடை வாளி | வேண்டாம் | இல்லை | 30 செ.மீ. அளவு | நிற்கும் | முழுதும் தாங்கும் | 2 முதல் 5 |

## நான் எதைச் சொல்வேன்

மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு வீட்டில் தாம்பூலப் பை இருந்தால், அதைப் பலப்படுத்தி, வாயில் பட்டை செருகிக் கொடுங்கள். இல்லையென்றால் பழைய டி-ஷர்ட். இந்த இரண்டையும் விட்டு வேறு எதற்கும் முதல் ஆண்டில் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 'நானும் செய்வேன்' என்று குழந்தை பக்கத்தில் வந்து உட்காரும் வயதில் ஃபெல்ட்டைத் தொடங்குங்கள். வானிலை அறிக்கையில் மழை என்றால் யோசிக்காமல் வாளி.

எதைச் செய்தாலும் தோளில் குறுக்காக மாட்டும் நீளமான பட்டை மட்டும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வேண்டாம். கை இரண்டும் விடுதலையாகும் என்று தோன்றும். ஆனால் அது படிக் கைப்பிடியிலும் செடியிலும் மாட்டிக்கொண்டு கழுத்தை இழுக்கும். சுருக்குக் கயிறு வைத்த பையும் அதேபோல்தான்.

வேர்க்கடலை அலர்ஜி உள்ள குழந்தை என்றால் பைக்குள் நடுவே ஒரு துணித் தடுப்பைத் தைத்து இரண்டு அறையாக்குங்கள். தாம்பூலப் பையிலும் ஃபெல்ட்டிலும் இது எளிது. ஒரு பக்கம் மிட்டாய், இன்னொரு பக்கம் பென்சில், ஸ்டிக்கர், பொம்மை மோதிரம். வாசலில் பசுநீல நிறப் பூசணி வைத்திருக்கும் வீடுகளில் உணவல்லாத பொருள்கள் கிடைக்கும். 2014 முதல் அமெரிக்கா முழுவதும் பரவிய வழக்கம் இது. அலர்ஜி இல்லாத குழந்தைக்கும் நான்கு வயதுவரை கெட்டி மிட்டாய், சூயிங் கம், முழுக் கடலை ஆகியவை தொண்டையில் சிக்கும் அபாயம் உண்டு. அவற்றை வழியிலேயே எடுத்து ஒதுக்கவும் இந்த இரண்டாவது அறை உதவும்.

பை தயாரானதும் முந்தைய நாள் இரவே ஒத்திகை பாருங்கள். அரைக் கிலோ அரிசியை ஒரு பாலித்தீன் உறையில் இறுகக் கட்டிப் பைக்குள் போடுங்கள். வேடத்தையும் ஷூவையும் மாட்டி, குழந்தையின் ஒரு கையை நீங்கள் பிடித்துக்கொண்டு, மாடிப்படியில் ஐந்து முறை ஏறி இறங்கவையுங்கள். மூன்றாம் முறையில் பை உங்கள் கைக்கு வந்துவிட்டதென்றால் கைப்பிடியில் ஒரு முடிச்சிட்டுக் குட்டையாக்கி, இன்னொரு முறை நடத்திப் பாருங்கள்.